கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களும் குடிநோயாளர் தோழமைக் கூட்டமும்

முன்னுரை

திருக்குறள் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக அமைந்தது கள்ளுண்ணாமை. சங்க காலத்தில் புலவரும் புரவலரும் கூடிக் கள்ளுண்ட செய்தியைப் புறநானூறு மறைவின்றிக் கூறுகிறது. அதியமானை இழந்து வருந்தும் ஔவையாரும், தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அவன் அன்பையே முதற்கண் நினைந்து பாடுகிறார். அத்தகைய மரபை உடைய மொழியில், கள்ளை விலக்குவதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர்.

இவ்வதிகாரத்தை வகுப்பறையில் நாம் நடத்தும் முறை அனைவரும் அறிந்ததே. குடியின் தீமைகளை வரிசைப்படுத்துகிறோம். வள்ளுவர் கூறுவன யாவை எனத் தேர்வில் வினவுகிறோம். மாணவர் பத்துக் குறளின் கருத்தையும் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே நடத்தினேன். ஆயின், இறுதி இரு குறள்களும் ஒன்றற்கொன்று வினாவும் விடையும் போல அமைந்தவை என்பதை, குடியை விட்டவர் சிலர் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில்தான் உணர்ந்தேன். அக்கூட்டம் எத்தகையது, அதனை எங்ஙனம் கண்டடைவது, அங்கு என்ன நிகழ்கிறது என்பவற்றை அவ்விரு குறள்களின் ஒளியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு குறள்கள்

929ஆம் குறள் ஓர் உவமை கூறுகிறது. கள்ளுண்டு களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவது போன்றது என்பது அதன் கருத்து. இங்கு விளக்கில் குறையில்லை. ஏந்துபவன் அன்பிலும் குறையில்லை. விளக்கு செல்லவியலாத இடத்தில் மூழ்கியவன் இருக்கிறான். அறிவுரை நல்லதாயினும் அவனை எட்டாது.

இத்துடன் அதிகாரம் முடிந்திருக்குமாயின் குடித்தவனுக்கு மீட்சியே இல்லை என்றாகும். வள்ளுவர் அவ்வாறு முடிக்கவில்லை. 930ஆம் குறளில், ஒருவன் தான் கள்ளுண்ணாத வேளையில், உண்டு களித்த இன்னொருவனைக் காணும்போது, தான் உண்ட காலத்துத் தனக்கு நேர்ந்த சோர்வை எண்ணிப் பார்க்கமாட்டானோ எனக் கேட்கிறார். பிறன் நிலையைக் கண்டு தன் நிலையை உய்த்துணர்வானாயின் அவன் குடியை ஒழிவான் என்பது இதற்குக் கொள்ளப்படும் பொருள்.

முன்னைய குறளில் குடியாதவன் குடித்தவனிடம் செல்கிறான், தோற்கிறான். பின்னைய குறளில் குடிப்பவன் தன்போன்ற ஒருவனைக் காண்கிறான். அவ்விடத்தில் ஒரு வாயில் திறக்கிறது. இவ்விரு குறள்களும் எங்கள் இல்லத்தில் மெய்யாயின.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சி

என் மூத்த சகோதரர், யாங்கள் காக்கா என அழைப்பவர், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் குடிநோயில் இருந்தார். அவர் ஒப்புதலுடனேயே இதனை எழுதுகிறேன். அவர் பெயரைக் குறிக்கவில்லை. “எழுது, தம்பி. என்னைப்போல் ஒளிந்திருக்கும் இன்னொருவன் படிக்கட்டும்” என்றார்.

குடி விலக்கப்பட்ட எங்கள் சமுதாயத்தில் குடிநோயாளர்க்கு இருமடங்கு துன்பம் உண்டு. நோயின் துன்பம் ஒன்று. மறைப்பின் துன்பம் மற்றொன்று. மறைவில் உண்பவரை ஊரார் உள்ளறிந்து நகுவர் என்னும் 927ஆம் குறளின் கருத்தை நான் பாடமாக நடத்தினேன். வீட்டில் அம்மறைப்புக்கு நானே துணை நின்றேன். காக்காவுக்குக் காய்ச்சல் என உம்மா உறவினரிடம் சொல்வார்கள், நான் ஆமோதிப்பேன். தனித்திருக்கையில் அவருக்கு அறிவுரை சொல்வேன். மார்க்கம் சொல்வேன், குறள் சொல்வேன், பிள்ளைகளின் முகத்தைக் காட்டுவேன். அவர் அழுவார், சத்தியம் செய்வார், மறுநாள் குடிப்பார். 929ஆம் குறளை அவரிடமே ஒருமுறை விளக்கினேன் என்பதை இன்று எண்ணும்போது நாணுகிறேன். விளக்கேந்தி நீரைத் துழாவியவன் நானே.

அவருடைய மகளின் நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கையில், மானத்தைக் காப்பதாக எண்ணி அவரை மாடியறையில் வைத்துப் பூட்டினோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர்க்குக் குடி திடீரென நின்றது. கைநடுக்கமும் வியர்வையும் கண்டோம், நடிப்பென்று கருதினோம். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். உயிர் பிழைத்தது இறைவன் அருள்.

அங்குப் பணியிலிருந்த மருத்துவர் கூறியது அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் மனக்குழப்பம், இல்லாதவற்றைக் காணுதல், கடுங்காய்ச்சல் ஆகியன தோன்றலாம். இந்நிலை உயிரையும் பறிக்கலாம். எனவே குடியை நிறுத்தும் முதல் நாள்கள் மருத்துவர் பார்வையில் கழிய வேண்டும். வீட்டில் பூட்டி வைப்பது மருத்துவமாகாது.

நிக்காஹ் நடந்தது, மணமகளின் தந்தை மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். பத்து நாள் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்புகையில், அம்மருத்துவர் ஒரு தாளில் ஓர் இடமும் கிழமையும் நேரமும் எழுதித் தந்தார். “மருந்து உடம்பைத் தேற்றியிருக்கிறது. இனி இவரைப் போன்றவர்களோடு இவர் உட்கார வேண்டும்” என்றார்.

தோழமையின் தோற்றம்

அத்தாளில் குறிக்கப்பட்டிருந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பின் கூட்டமாகும். பெயர் வெளியிடாக் குடிநோயாளர் தோழமை எனத் தமிழில் கூறலாம். சுருக்கமாக ஏ.ஏ. என்பர். அதன் தோற்றத்தைப் பின்னர்க் கற்றபோது அங்கும் அவ்விரு குறள்களையே கண்டேன்.

நியூயார்க்கைச் சேர்ந்த பங்குவணிகர் பில் வில்சன், 1934 டிசம்பரில் குடியை விட்டார். அடுத்த சில மாதங்கள் பல குடிநோயாளர்க்கு அறிவுரை கூறினார், ஒருவரும் திருந்தவில்லை. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் சில்க்வொர்த், உபதேசத்தைக் குறைத்து நோயின் இயல்பைச் சொல்லுமாறு அவருக்கு எடுத்துரைத்தார். 1935 மே மாதம் வணிகத்தின் பொருட்டு ஒஹாயோ மாநிலத்து அக்ரோன் நகருக்குச் சென்ற வில்சன், முயற்சி தோற்றுத் தனியராய் ஒரு விடுதிக் கூடத்தில் நின்றார். ஒருபுறம் மதுக்கூடம் இருந்தது. மறுபுறம் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. குடிக்காதிருக்க வேண்டுமாயின் இன்னொரு குடிநோயாளருடன் தாம் பேசியாக வேண்டும் என உணர்ந்து தொலைபேசியை எடுத்தார். அவ்வழைப்பின் தொடர்ச்சியாக, மே 12ஆம் நாள் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணி நேரம் அமர்ந்திருந்தார். காரணம், வில்சன் அவருக்கு அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார்.

ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே அத்தோழமை தன் தொடக்க நாளாகக் கொண்டுள்ளது. அதன் பன்னிரண்டு படிகளைக் கூறும் நூல் 1939இல் வெளிவந்தது. குழுக்களை நெறிப்படுத்தும் பன்னிரண்டு மரபுகள் 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. இந்தியாவில் 1957இல் மும்பையில் இது வேர்கொண்டது. இன்று தமிழகத்தின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன.

கூட்டத்தைக் கண்டறியும் வழி

இக்கூட்டங்கள் விளம்பரப் பலகை வைப்பதில்லை. ஆதலின் தேடிச் செல்ல வேண்டும். அதற்கு எளிய வழிகள் சில உள.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்பது முதல் வழி. அங்குள்ள மருத்துவரும் சமூகப் பணியாளரும் அருகிலுள்ள கூட்டங்களை அறிந்திருப்பர். குடிநோய் மீட்பு மையங்களும் தோழமைக் கூட்டங்களோடு தொடர்புடையவை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அவர்களால் தொடங்கப்பெற்ற டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையின் முன்னோடியாகும். நேரிற் செல்லத் தயங்குவோர்க்குத் தொலைபேசி உண்டு. நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்காக 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். ஏ.ஏ. அமைப்பும் தன் கூட்டங்களின் பட்டியலை இணையத்தில் தருகிறது.

கேட்கும்போது மூன்று செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். எந்தக் கிழமை, எந்த நேரம் என்பது ஒன்று. எம்மொழியில் நடைபெறும் என்பது மற்றொன்று. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது மூன்றாவது. மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கு மட்டும் உரியது. திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் அறிய விரும்பும் பிறரும் வரலாம். காக்காவுடன் நான் சென்றது திறந்த கூட்டம் ஆதலால்தான் உள்ளே அமர முடிந்தது.

ஊரறிந்த இடத்திற்குச் செல்ல அஞ்சுவோர் பக்கத்து ஊர்க் கூட்டத்திற்குச் செல்வதில் தவறில்லை. காக்கா முதலில் முப்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்றார். உள்ளூர்க் கூட்டத்தின் படியேற அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கூட்டத்தின் நடைமுறை

எங்கள் முதல் கூட்டம் ஒரு தேவாலயப் பள்ளியின் வகுப்பறையில் நடந்தது. வாயிலில் நின்ற ஒருவர் கைகொடுத்து வரவேற்றார். பதிவேடில்லை, முகவரி கேட்கவில்லை, கட்டணமில்லை. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குரிய தகுதி என்பது அவர்தம் மூன்றாம் மரபு. வெளியார் நன்கொடையை ஏலாது தம் செலவைத் தாமே ஏற்பது ஏழாம் மரபு. உறுப்பினர் இடும் சிறுதொகைக்கு ஒரு பை சுற்றி வரும். புதியவர் அதில் எதுவும் இடவேண்டியதில்லை.

தலைமை ஏற்பவர் குறித்த நேரத்தில் அமைப்பின் நோக்கத்தைப் படித்துத் தொடங்குவார். சிறிது நேரம் அமைதி. பின் ஒரு சுருக்கமான வேண்டுதல். அதன்பின் ஒவ்வொருவராகத் தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளர் எனக் கூறி, தம் கதையைச் சொல்வர். முன்பு எவ்வாறு இருந்தனர், என்ன நிகழ்ந்தது, இப்போது எவ்வாறு இருக்கின்றனர் என்பதே அக்கதையின் அமைப்பு. ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்தபின் விவாதமோ தீர்ப்போ இல்லை. பேச விரும்பாதவர், இன்று கேட்க வந்தேன் எனச் சொல்லி அமரலாம். ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடியும். பின்னர்த் தேநீர். புதியவர்க்கு உண்மையான பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது எனலாம்.

அங்குக் கேட்டவற்றை வெளியிற் சொல்லலாகாது என்பது முறை. ஆதலின் பிறர் கதை எதனையும் இங்கு எழுதேன். திரும்பும் பேருந்தில் காக்கா நெடுநேரம் பேசாதிருந்து பின் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன். “தம்பி, அந்த மூன்றாவது மனிதர் என் கதையைத்தான் சொன்னார்.”

அந்நொடியில் 930ஆம் குறள் எனக்குப் பொருளாயிற்று. வள்ளுவர் குறிப்பது குடித்துக் களித்து நிற்பவனைக் காணுதல். கூட்டத்தில் காண்பது, குடித்த நாள்களைத் தெளிந்த நிலையில் நின்று கூறுபவரை. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டிலும் செயற்படுவது ஒன்றே: பிறனிடத்தில் தன்னைக் காணுதல். எண்ணமாட்டானோ என வள்ளுவர் வினாவாக விட்டதற்கு, எண்ணுவதற்குரிய ஓர் இடத்தை இக்கூட்டம் அமைத்துத் தருகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கதையைச் சொல்பவரும் தம் பழைய சோர்வை மீண்டும் நினைந்து காவல் பெறுகிறார். உதவுவோர், உதவி பெறுவோர் என்னும் பிரிவு அங்கு இல்லை.

வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் எனச் சூளுரைக்குமாறு அங்கு யாரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காதிருத்தல் என்பதே பாடம். புதியவர், மூத்த உறுப்பினர் ஒருவரை வழித்துணையாகக் கொள்வர். அவரை ‘ஸ்பான்சர்’ என்பர். குடிக்கும் எண்ணம் எழும்போது, குடிப்பதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். முதல் தொண்ணூறு நாளில் இயன்றால் தொண்ணூறு கூட்டங்களுக்கு வருமாறு அறிவுறுத்துவர்.

காக்கா நான்காம் மாதத்தில் ஒரு பெருநாள் இரவு மீண்டும் குடித்தார். மறுநாள் மாலை தாமே கூட்டத்திற்குச் சென்றார். அங்கு ஒருவரும் கடிந்து பேசவில்லை. திரும்பி வந்ததே நன்று என்றனர். வீட்டில் நான் சொல்லியிராத சொல் அது.

இத்தகைய அனுபவங்களுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கியது. ஏ.ஏ. கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் முறையான சிகிச்சை, பிற உளவியல் சிகிச்சைகளைக் காட்டிலும் தொடர்ந்து குடிக்காதிருத்தலில் மேம்பட்ட பயன் தருகிறது என அது முடிவு கண்டது. எனினும் அனைவர்க்கும் இது ஒன்றே வழியென்பதில்லை. மருந்தும் மனநல மருத்துவமும் வேண்டுவோர் அவற்றையும் உடன்கொள்ள வேண்டும்.

சமயம் பற்றிய தயக்கம்

தேவாலய வளாகத்தில் நடைபெறுவதும், வேண்டுதலுடன் தொடங்குவதும் எங்கள் குடும்பத்தில் ஐயத்தை எழுப்பின. அவ்வறை வாடகைக்குப் பெற்ற இடமே என்பதைக் கேட்டறிந்தோம். இத்தோழமை கிறித்தவச் சூழலில் தோன்றியது உண்மை. ஆயினும் எச்சமயத்தையும் சாராதது. இறைவன் என அவர்கள் குறிப்பது, அவரவர் உணர்ந்தவாறான இறைவனையே. காக்கா வேண்டுதலின்போது தம் துஆவை மனத்துள் ஓதிக்கொள்வார். பன்னிரண்டு படிகளை இசுலாமிய நெறிக்கேற்ப அமைத்துக்கொண்ட ‘மில்லத்தி இஸ்லாமி’ என்னும் அமைப்பு 1989இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தோன்றியதும் இங்கு எண்ணத்தக்கது.

திருக்குர்ஆன் மதுவைப் படிப்படியாக விலக்கியது என்பதை விளக்கவுரையாளர்கள் எடுத்துரைப்பர். தீமை பெரிது என உணர்த்தியது ஒரு நிலை. போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்றது அடுத்த நிலை. முற்றும் விலகுமாறு ஆணையிட்டது இறுதி நிலை. மனித மனத்தின் இயல்பறிந்த முறை அது. குடித்ததற்காக மீண்டும் மீண்டும் தண்டனை பெற்ற தோழர் ஒருவரை ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அவர் இறைவனையும் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்த செய்தி புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. குடியைப் பாவமென்று விலக்கிய மார்க்கமே, குடித்தவரைச் சபிப்பதையும் விலக்கியது. முன்னதைச் சொல்லிக்கொடுத்த நாம் பின்னதைச் சொல்லிக்கொடுக்க மறந்தோம்.

குடும்பத்தார்க்கு

குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென ‘அல்-அனான்’ என்னும் தனித் தோழமை 1951 முதல் இயங்கி வருகிறது. குடிப்பவரைத் திருத்தும் பொறுப்பு தமதே எனச் சுமந்து நலிந்தவர்கள், அச்சுமையை இறக்கக் கற்குமிடம் அது. அவர் குடிக்கு நாம் காரணமல்லோம். அதனை அடக்கும் ஆற்றலும் நமக்கில்லை. மறைத்தல், கடன் தீர்த்தல், பொய்க்காரணம் சொல்லல் ஆகியவற்றை நிறுத்துவதே குடும்பத்தார் செய்யத்தக்கது.

மற்றுமோர் எச்சரிக்கை. குடியை நிறுத்தும் மாத்திரையை நோயாளி அறியாமல் உணவிற் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. டைசல்பிரம் என்னும் மருந்தை உட்கொண்டவர் அதை அறியாது குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இம்மருந்தை நோயாளியின் அறிவோடும் ஒப்புதலோடும் மருத்துவர் மட்டுமே தரவேண்டும்.

முடிவுரை

வள்ளுவர் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. குடிநோய்க்கு முதல் மூன்றும் மருத்துவமனையில் அமைந்தன. நான்காமவன் நானே என்று பன்னிரண்டு ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்நோயைத் தானும் கடந்து வந்தவனே அதற்குரிய நான்காமவன் எனக் கண்டுகொண்டேன். சகோதரனாகிய என் கடமை, அவனிருக்கும் இடத்தைக் கேட்டறிந்து, வாயில்வரை உடன்செல்வதே.

காக்கா குடியை விட்டு ஆறு ஆண்டுகள் நிறைந்துள்ளன. வியாழன் மாலை மஃரிப் தொழுதபின் உள்ளூர்க் கூட்டத்திற்கு முன்னதாகவே சென்று, நாற்காலிகளை விரித்துப் போட்டு வாயிலில் நிற்கிறார். புதியவர் எவரேனும் படியேறத் தயங்கி நின்றால், அறிவுரை எதுவும் சொல்வதில்லை. கைகொடுத்து, தம் பெயரைச் சொல்கிறார்.

இவ்வாண்டு கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தி முடித்தபின், இறுதி இரு குறள்களின் கீழே கரும்பலகையில் 14446 என்னும் எண்ணை எழுதினேன். தேர்வுக்கு வருமா என ஒரு மாணவர் கேட்டார். வராது என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை.